முயலின் வலது கால்தடம்

கோடை வந்தால் தாழங்குளத்தில் பாதித் தண்ணீர் வற்றிவிடும். வற்றிய பக்கத்தில் காட்டு மிருகங்கள் பந்தாடும். கொடியை இறுக்கிப் பின்னிய பந்து. குளத்து அணியில் ஆடுகிறவருக்கு அருகம்புல் மேட்டில் வயிறார மேய்ச்சல் உண்டு. செம்பன் முயலுக்கு அதுதான் பிழைப்பு.

போன கோடையில், மலை அணியின் காட்டுப்பன்றி அவன்மேல் வந்து மோதியது. செம்பனின் வலது பின்னங்கால் முறிந்தது. வைத்தியம் தெரிந்த குரங்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டது. மழைக்காலம் முழுக்க அவன் புதரிலேயே கிடந்தான். கட்டைப் பிரித்த அன்று குரங்கு காலை அழுத்திப் பார்த்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி தாராளமாக ஓடலாம் என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆனாலும் செம்பன் நொண்டினான்.

ஏன் நொண்டுகிறான்? காடு முழுக்க இதே பேச்சு. எலும்பு கோணலாகக் கூடியிருக்கும் என்றது காகம். கண்ணேறு பட்டுவிட்டது என்றது ஆந்தை. அணித் தலைவர் கரடியோ பொறுமை இழந்துவிட்டது. நாளைய ஆட்டத்தில் செம்பன் வலது காலை ஊன்றி ஆடாவிட்டால் அவன் இடம் காட்டுப்பூனைக்கு என்று சொல்லிவிட்டது.

யார் சொன்னதும் கீரிக்கு மட்டும் சரியாகப் படவில்லை. எதையும் கிட்டே போய் முகர்ந்து பார்த்தால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

அன்று காலை அது குளக்கரைச் சேற்றில் வண்டு தேடிக்கொண்டிருந்தது. அங்கே செம்பனின் தடம் தெரிந்தது. தண்ணீருக்குப் போன தடத்தில் வலது பின்னங்கால் பட்டும் படாமலும் பதிந்திருந்தது. திரும்பிய தடம் வேறு மாதிரி. இரண்டு பின்னங்கால்களும் ஒரே ஆழம். ஒவ்வொரு பாய்ச்சலும் நல்ல நீளம்.

கீரி நேரே புதருக்கு ஓடியது.

"காலையில் குளத்தில் என்னடா நடந்தது?"

"பருந்து வந்தது, அண்ணே. எப்படித் தப்பினேன் என்றே தெரியவில்லை. இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது."

"எந்தக் காலில் ஓடினாய்?"

"உயிர் போகிற நேரத்தில் காலையா பார்ப்பார்கள்?"

கீரி அவனை இழுத்துப் போய்த் தடத்தைக் காட்டியது. வேறு ஏதாவது முயலாக இருக்கும் என்றான் செம்பன். பிறகு மெதுவாகத் தன் வலது காலை அந்தப் பள்ளத்தில் வைத்தான். அப்படியே பொருந்தியது. வலிக்கிறதா என்று கீரி கேட்டது.

செம்பன் யோசித்தான். "வலிக்குமோ என்று இருக்கிறது. ஆனால் வலிக்கவில்லை."

போகும்போது கீரியிடம் ஒன்று கேட்டுக்கொண்டான். நாளை ஆட்டத்தில் தான் தயங்கி நின்றால், பருந்து வருகிறது என்று கத்த வேண்டும். கீரியும் சரி என்றது.

மறுநாள் ஆட்டம் முடியும் நேரம். பந்து செம்பனின் முன்னால் உருண்டு வந்தது. எதிரே அதே காட்டுப்பன்றி தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து வந்தது. செம்பன் அப்படியே நின்றுவிட்டான். "நொண்டி, ஓரமாகப் போய் உட்கார்!" என்று மலைப் பக்கத்து நரிகள் கத்தின.

அவன் கரையில் இருந்த கீரியைப் பார்த்தான். கீரி வாயைத் திறந்தது. செம்பன் வேண்டாம் என்று தலையாட்டினான். வலது காலை மண்ணில் ஓங்கி ஊன்றி, இடது காலால் பந்தை உதைத்து, பன்றி வந்து சேருமுன் தாவி விலகினான்.

பந்து கோல் கம்பங்களுக்கு வெளியே போய்விட்டது. நரிகள் விழுந்து விழுந்து சிரித்தன. கீரி மட்டும் மைதானத்துக்குள் ஓடி மண்ணை முகர்ந்தது. பின்னாலேயே கரடியும் வந்து குனிந்து பார்த்தது. வலது பின்னங்கால் ஆழமாகப் பதிந்திருந்தது.

"பந்து போனால் போகட்டும். அடுத்த ஆட்டத்துக்கும் நீயே வா" என்றது கரடி.

செம்பன் அருகம்புல் மேட்டை நோக்கி ஓடினான். நொண்டவில்லை.

உடம்பில் பட்ட காயம் கட்டுப் போட்டால் ஆறிவிடும். மனத்தில் தங்கிய பயமோ நாமே ஒரு முறை காலை ஊன்றிப் பார்த்தால்தான் போகும்.