இறுகிய வரிசை

"நொட்டாங்கைக்காரி ஆரம்பிச்சதை வேற யாராலயும் முடிக்க முடியாதுங்க."

முன்னொரு மழைக்காலத்தில், கோத்தகிரிக் கடைத்தெருவின் கம்பளிக் கடை ஒன்றில் சொல்லப்பட்ட இந்த வார்த்தை, ஒரு துணிப்பைக்குள் இருந்த ஸ்வெட்டரின் காதில் விழுந்தது. ஸ்வெட்டர் என்றால் முழு ஸ்வெட்டர் இல்லை. அதற்கு அப்போது முதுகு மட்டும்தான் இருந்தது, அதுவும் பாதி. கை இல்லை, கழுத்து இல்லை, பொத்தான் வைக்க இடமில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டது.

சொன்னவள் கடைக்காரி பரிமளம். யாரோ ஓர் அம்மாளுக்கு நூல் எடுத்துக் காட்டியபடியே பேசிக்கொண்டிருந்தாள். "எங்க நாத்தனார் சுலோவும் நொட்டாங்கைதான். பக்கத்துல உக்கார வெச்சு எவ்வளவோ சொல்லிக்குடுத்துப் பாத்தேன். வரவே இல்ல. இப்ப நூல் சுத்தறதோட சரி."

கடை மூலையில் சுலோச்சனா நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

பைக்குச் சொந்தக்காரியான ஜெபசீலி இதைக் கேட்கவில்லை. வாசலோரம் நின்று, தொங்கவிட்டிருந்த மஞ்சள் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபசீலி ஸ்வெட்டரைப் பழைய பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாள். அந்த டின்னில் இரண்டு எஃகு ஊசிகளும், ஒரு மஞ்சள் நூல் உருண்டையும், ஓர் இஞ்சு டேப்பும் குடியிருந்தன. ஸ்வெட்டர் தான் கேட்டதை அவற்றிடம் சொன்னது.

"சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்" என்றது டேப். எதைப் பற்றிப் பேசினாலும் அது உடம்பை நீட்டிக்கொண்டுதான் பேசும்.

"யாரும் முடிக்காவிட்டால் என்னை என்ன செய்வார்கள்?"

"பிரித்துவிடுவார்கள். வேறென்ன?"

"பிரித்தால் நீ என்னிடம்தான் வருவாய்" என்றது நூல் உருண்டை. "பயப்படாதே. நீயும் நான்தானே."

"அப்போது நீ இருப்பாய். நான் இருக்கமாட்டேனே" என்றது ஸ்வெட்டர்.

ஊசிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று தொடங்கிய பேச்சை மற்றொன்று முடிப்பது அவற்றின் வழக்கம்.

"ஜெபாவுக்கு என்ன ஆயிற்று..."

"...வேறு யாராவது வந்து முடிப்பதற்கு?"

அதுவும் நியாயம்தான். ஜெபசீலி ரேஷன் கடை வாசலில் நின்றும் பின்னுவாள், பல் டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்தும் பின்னுவாள். அவள் குடியிருந்த லைன் வீடுகளில் அவள் பின்னிய குல்லாய் ஏறாத தலை கிடையாது. பக்கத்து வீட்டு லோகுவின் ஜீப்பில் கியர் குச்சிக்குக்கூட ஒரு சிவப்புக் குல்லாய் உண்டு. இந்த ஸ்வெட்டரும் லோகுவின் வீட்டுக்குத்தான். அவன் மனைவி மலர்விழிக்கு மார்கழியில் பிரசவம். எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

ஆனால் மழை விடவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போகும் படியில் பாசி பிடித்திருந்தது. ஒரு காலையில் குடத்தோடு இறங்கிய ஜெபசீலி வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு ஒடிந்தது. மத்தியானம் அவள் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

டின்னுக்குள் டேப் மெதுவாகச் சுருண்டுகொண்டது.

சாயங்காலம் லோகு பார்க்க வந்தான். ஜெபசீலி டின்னை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, மலர் அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும். தை பொறந்துதான் கட்டு பிரிப்பாங்களாம். கடையில ஒண்ணு வாங்கிக்கோங்க."

லோகு மூடியைத் திறந்து பாதி முதுகை வெளியே எடுத்தான். அவன் கையில் அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

"மலரு தினமும் இதத்தான் தங்கச்சி கேக்கறா. ஜெபா எவ்வளவு தூரம் வந்துட்டா, முதுகு முடிஞ்சுதா, கை போட்டாளான்னு. படுத்துக்கிட்டே வேற எதை நெனைக்கறதுங்கறா." ஊசியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "இது கஷ்டமா?" என்று கேட்டான்.

"எது?"

"இதான். இந்தக் குத்தறது."

ஜெபசீலிக்கு வலியை மீறிச் சிரிப்பு வந்தது. "உங்க விரலப் பாருங்கண்ணே!"

"ஏன், ஸ்டெப்னி மாத்தற விரல்தான். இதையும் பழகிக்கும்."

"சோத்துக்கைக்காரன்!" என்று அலறியது டேப். "அதுவும் டிரைவர்!"

இருவரும் பெஞ்சில் அருகருகே உட்கார்ந்தார்கள். ஜெபசீலி இரண்டு பென்சில்களை எடுத்துக்கொண்டாள். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது விரல்களால் ஒன்றைப் பிடித்து அசைத்துக் காட்டினாள். "குத்துங்க, சுத்துங்க, இழுங்க, விடுங்க. அவ்வளவுதான்."

அவள் இடது கையால் செய்ததைப் பார்த்து லோகுவும் இடது கையால் குத்தினான். நூல் சுற்றுவதற்குள் ஊசி நழுவியது. ஊசியைப் பிடிப்பதற்குள் ஒரு கண்ணி கழன்று, ஏணிபோலக் கீழே இறங்கியது. ஸ்வெட்டருக்குப் பல் ஆடுவதுபோல இருந்தது. ஜெபசீலி தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அந்தக் கண்ணியைக் கொக்கி போட்டு மேலே ஏற்றினாள். அடுத்த கண்ணியும் நழுவியது.

லோகுவின் நெற்றி வேர்த்துவிட்டது. "கிளட்ச் மிதிக்கற காலால பிரேக் போடற மாதிரி இருக்கு தங்கச்சி."

"நான் அப்போதே சொன்னேன்" என்றது டேப்.

ஜெபசீலி பென்சில்களை மடியில் போட்டாள். கொஞ்ச நேரம் அவனுடைய கைகளையே பார்த்தாள். பிறகு எழுந்து, அடுப்படியிலிருந்து ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, இப்ப நான் கண்ணாடின்னு வெச்சுக்கோங்க. என் நொட்டாங்கை இருக்கற பக்கம் உங்களுக்கு எந்தக் கை?"

"சோத்துக்கை."

"அது குத்தட்டும்."

அவன் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டான். அவளுடைய இடது கை போன இடத்துக்கு அவனுடைய வலது கை போனது. குத்தினான், சுற்றினான், இழுத்தான். ஒரு கண்ணி வந்துவிட்டது. லோகு அதை ஊசியிலேயே விட்டுவிட்டு, கூடு கட்டும் குருவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எனக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்றாள் ஜெபசீலி. "ஆறாங்கிளாஸ்ல தையல் டீச்சர் பக்கத்துல உக்கார வெச்சுக் காட்டுவாங்க. எனக்கு வராது. கையில ரெண்டு அடி வெச்சு அனுப்புவாங்க. கிளாஸ்ல ரமணின்னு ஒருத்தி, அவ பெஞ்சத் திருப்பிப் போட்டு எனக்கு எதிர்ல உக்காந்தா. அன்னிக்குப் பிடிச்சதுண்ணே, இன்னும் விடல. இந்த ஊசியே அவ குடுத்ததுதான்."

ஸ்வெட்டர் ஊசிகளைப் பார்த்தது. "நீங்கள் முதலில் சோத்துக்கையிலா இருந்தீர்கள்?"

"ஆமாம்..."

"...ரமணி கையில்."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே!"

"நாங்கள் வரிசைக்கு வரிசை கை மாறுகிறவர்கள். இந்த வரிசையில் நான் குத்தினால்..."

"...அடுத்த வரிசையில் நான். எந்தக் கையில் இருக்கிறோம் என்று யார் நினைவு வைத்துக்கொள்வது?"

ஸ்வெட்டருக்கு முதன்முறையாகக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாளிலிருந்து பிஸ்கட் டின் ஜீப்பில் ஏறியது. சவாரி இல்லாத நேரத்தில் லோகு ஸ்டியரிங்கில் கையை முட்டுக்கொடுத்துப் பின்னினான். ஜீப் ஸ்டாண்டில் விடுவார்களா?

"என்ன லோகு, பூக் கட்டறியா? மொழம் என்ன வெல?"

"மாமா, எனக்கு ஒரு ரெட்டை ஜடை பின்னி விடேன்."

"வாய மூடுங்கடா, எண்ணிக்கிட்டிருக்கேன்."

"கட்டபெட்டு போகணும், வண்டி வருமா?"

"ஏறி உக்காருங்க. இந்த வரிசைய முடிச்சுட்டு எடுக்கறேன்."

முதுகு வளர்ந்தது. தோள்வரைக்கும் வந்தது. ஸ்வெட்டர் கடைக்காரியின் பேச்சை மறந்து, கேலிகளுக்கெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் லோகு முதுகை பானெட்மேல் விரித்து வைத்துப் பார்த்தான். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. மஞ்சள் முதுகின் நட்டநடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு வரிசை மட்டும் இறுகிக் கிடந்தது. ஜெபசீலியின் கை கண்ணிகளை ஒரு வாட்டத்தில் உட்கார வைத்திருந்தது. லோகுவின் கை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அவற்றைப் பிடித்ததால், அந்த ஒரு வரிசையில் மட்டும் எல்லாக் கண்ணிகளும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் வந்த வரிசைகளில் ஒரு குறையும் இல்லை.

பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான். "நடுவுல என்னப்பா இது, ஆபரேஷன் பண்ணித் தைச்ச மாதிரி?"

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் லோகுவின் முகம் விழுந்துவிட்டது.

"தழும்பு" என்றது டேப். "இனி இதை யார் ஒரு பச்சைக் குழந்தைக்குப் போடுவார்கள்?"

அன்று சாயங்காலம் லோகு ஜெபசீலியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தப்பா ஆரம்பிச்சுட்டேன் தங்கச்சி. பிரிச்சுடறேன். நீ பின்னின இடத்த மட்டும் விட்டுட்டு, என்னோடதப் பிரிச்சுடறேன்."

"அக்காவுக்கு நாள் நெருங்கிடுச்சேண்ணே?"

"ஆமா. கடையிலயே வாங்கிடறேன். இத மலருக்குக் காட்ட எனக்கு மனசு வரல."

சொல்லிக்கொண்டே ஊசியை உருவினான். கண்ணிகள் எல்லாம் பிடிப்பில்லாமல் திறந்த வாயோடு நின்றன. அவன் நூலின் நுனியைப் பிடித்துவிட்டான். ஒரு கண்ணி போனது. இன்னொன்று போனது.

"ஊசிகளே!" என்று கூப்பிட்டது ஸ்வெட்டர்.

ஊசிகள் பெஞ்சின்மேல் கிடந்தன. கை இல்லாமல் அவற்றால் என்ன செய்ய முடியும்?

ஜெபசீலி கழுத்தைச் சுற்றியிருந்த சாம்பல் நிற மப்ளரை ஒற்றைக் கையால் அவிழ்த்தாள். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன மப்ளர். அதை லோகுவின் மடியில் போட்டு, ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கயும் பாதியில கை மாறுச்சு. தடவிப் பாருங்கண்ணே."

அவன் நூலை விட்டுவிட்டு அந்த இடத்தைத் தடவினான். மடியில் ஸ்வெட்டரும் மப்ளரும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"உனக்கும் இருக்கிறதா?" என்று ரகசியமாகக் கேட்டது மப்ளர்.

"என்ன?"

"இறுகிய வரிசை. எனக்கு நடுவில் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் ரமணி பின்னியது. அவள் அப்பாவுக்கு மாற்றலாகி, என்னைப் பாதியில் இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் முழுவதும் இவள்."

"உன்னை யாரும் பிரிக்கவில்லையா?"

"பிரிப்பதா? ஒவ்வொரு குளிர்காலத்திலும் இவள் என்னை எடுப்பாள். முதலில் அந்த வரிசையைத் தேடுவாள். அது பிடரியில் படும்படி வைத்துக்கொண்டுதான் சுற்றுவாள்."

ஸ்வெட்டர், "ரமணிக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டது.

"தெரியாது" என்றது மப்ளர். "இவளுக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, ஊருக்கெல்லாம் குல்லாய் பின்னிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்."

லோகு மப்ளரை மடித்து ஜெபசீலியிடம் கொடுத்தான். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டான். பெஞ்சில் உட்கார்ந்து, திறந்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினான்.

குழந்தை பிறந்தபோது ஸ்வெட்டருக்கு ஒரு கை குறைவாக இருந்தது. லோகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பின்னினான். பாதிக் கை முடிவதற்குள் தை பிறந்து, ஜெபசீலியின் கட்டைப் பிரித்தார்கள். மீதிக் கையை அவள் பின்னினாள். அங்கேயும் ஒரு வரிசை இறுகியது. டேப் அதன்மேல் படுத்து, கையின் நீளத்தை மட்டும் அளந்து சொன்னது.

மலர்விழி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில் பொத்தான் வாங்கக் கம்பளிக் கடையில் ஜீப்பை நிறுத்தினார்கள். குழந்தை மஞ்சள் ஸ்வெட்டருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பரிமளம் பொத்தான் டப்பாவை எடுத்து வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். முதுகைத் தாங்கிய அவளுடைய கட்டைவிரல் ஒரு இடத்தில் நின்றது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவிப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு பேர் கை இருக்கே" என்றாள்.

"முதுக ஜெபா ஆரம்பிச்சா. இவருதான் முடிச்சாரு" என்றாள் மலர்விழி. அதைச் சொல்லும்போது அவள் லோகுவைப் பார்க்கவில்லை. சிரிப்பு வந்துவிடும் என்று ஸ்வெட்டருக்குத் தெரிந்தது.

"இவரா?" பரிமளம் லோகுவை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் பொண்ணு நொட்டாங்கையாச்சே. எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

"பக்கத்துல உக்காந்து பாத்தோம், வரலைங்க. அப்புறம் ஜெபா ஸ்டூல எடுத்து எதிர்ல போட்டு உக்காந்துச்சு. கண்ணாடி பாக்கற மாதிரி. வந்துருச்சு."

கடை மூலையில் சுலோச்சனாவின் கையில் சுற்றிக்கொண்டிருந்த நூல் நின்றது.

பரிமளம் குழந்தையை மலர்விழியிடம் கொடுத்தாள். ஜீப் கிளம்பும்போது ஸ்வெட்டர் மலர்விழியின் தோள்வழியாகக் கடைக்குள் பார்த்தது. பரிமளம் கல்லாவைப் பூட்டினாள். தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுலோச்சனாவுக்கு எதிரே போட்டாள். ஒரு ஜோடி ஊசியை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, இன்னொரு ஜோடியோடு உட்கார்ந்தாள்.