தொட்டுப் பார்க்கும் காவல்

அமலோற்பவத்துக்கு உடம்பில் நோயை எதிர்க்கும் காவல் செல்கள் மேல் தீராத கோபம். இருபது வருஷம் காலேஜில் விலங்கியல் நடத்தியவள், ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்ததே அந்தக் கோபத்தில்தான். தங்கை ரீத்தாவை நாற்பத்தாறு வயதில் புற்றுநோய் கொண்டுபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

குருவாக வாய்த்த பர்வீனோ அவளைவிடப் பதினெட்டு வயது இளையவள்.

"உடம்பு பூரா அத்தனை காவல் இருந்து என்ன மேடம் பிரயோஜனம்? கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்துட்டு, 'சரி போ'ன்னு விட்டிருக்கே!"

"எதைத் தொட்டுப் பார்க்கும்க்கா?"

"செல் மேல இருக்கிற சர்க்கரையைத்தான். அது தட்டுப்பட்டா நம்ம ஆளுன்னு விட்டுரும். பாழாப்போன புற்று அதையே மேலெல்லாம் அப்பிக்கிட்டு நின்னிருக்கு."

"அப்போ அதை வெட்டி விட்டுப் பாருங்களேன்."

சர்க்கரையை வெட்ட ஒரு நொதி உண்டு. அதைப் புற்று செல்லில் மட்டும் விட்டு, கழுவி, அப்புறம்தான் நல்ல ரத்தத்தோடும் காவல் செல்லோடும் ஒரே தட்டில் சேர்க்க வேண்டும். நல்ல ரத்தத்துக்கு அமலோற்பவம் தன் கையையே நீட்டினாள். ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. படித்தவளுக்கு மட்டும் விலக்கா என்ன? எல்லாவற்றையும் தட்டில் கொட்டிவிட்டு, நொதியை மேலே தாராளமாக ஊற்றினாள். பர்வீன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்த அமலோற்பவம் கத்தியே விட்டாள்.

"தின்னுருச்சு மேடம்! ஒரு புற்று செல்லைக்கூட விடலை!"

"தட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கக்கா."

நகர்த்தினாள். காவல் செல்களின் வயிற்றில் சிவப்புச் சிவப்பாக ஏதோ அடைந்து கிடந்தது. சுற்றிலும் ஒரு ரத்தச் செல்லைக் காணோம்.

"ஐயோ, இது நல்ல ரத்தமாச்சே. என் ரத்தம் மேடம்!"

"சர்க்கரையை வெட்டிட்டீங்களே. உங்களோடதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அமலோற்பவம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் என் ரீத்தா விஷயத்துல ஏமாந்துருச்சே மேடம்," என்றாள். மனசு ஆறவில்லை அவளுக்கு.

பர்வீன் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏமாந்தது நிஜம்தான்க்கா. ஆனா அந்தச் சர்க்கரையை நம்பித்தான், நாற்பத்தாறு வருஷம் உங்க தங்கச்சியைத் தின்னாம விட்டு வச்சுது."