பத்தாம் நாள் வந்தவள்

நீலாயதாட்சி அந்த மாவட்டத்தில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அவரிடம் பயிற்சி பெற்ற பிலோமினா இப்போது பக்கத்து ஊரில் முன்சீப். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, கைப்பையிலிருந்து விடுப்புக் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"வக்கீல்கள் பன்னிரண்டு நாளா என் கோர்ட்டைப் புறக்கணிக்கிறாங்கம்மா. ஒரு பெரிய வக்கீல் வாய்தா மேல வாய்தா கேட்டார். முடியாதுன்னேன். அதுக்குத்தான். ஒரு மாசம் லீவு போட்டா மாற்றல் வந்துடும்னு சொல்றாங்க."

"நீ என்ன நினைக்கிறே?"

"என் பக்கம் நிக்க ஒரு ஆள் இல்லம்மா. உங்களையும் இப்படித்தானே பண்ணாங்க? நீங்க எப்படி ஜெயிச்சீங்க?"

நீலாயதாட்சி கடிதத்தைப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்தார்.

"பொம்பளை முன்னால நின்னு வாதாட மாட்டோம்னாங்க. நான் பத்தரைக்குப் போய் உட்காருவேன். டவாலி ஒவ்வொரு பேராக் கூப்பிடுவார். வராந்தாவுல சிரிப்புச் சத்தம் கேக்கும். அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன். ஒன்பது நாள் இப்படியே போச்சு."

"அப்புறம்?"

"பத்தாம் நாள் சொர்ணம்னு ஒருத்தி வந்தா. உப்பளத்துல வேலை. வீட்டு மனைக்காகக் கொழுந்தன் மேல வழக்கு போட்டவ. வாசல்ல மறிச்சவங்களை விலக்கிட்டு உள்ள வந்து, 'எங்க வக்கீலு வரமாட்டாராம் ஐயா, நானே பேசலாமா'ன்னு கேட்டா. கோர்ட்டுல அவளுக்குத் தெரிஞ்ச மரியாதை ஐயாதான். பேசுன்னேன். மத்தியானம் வரைக்கும் பேசினா."

பிலோமினா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவ பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிடுவேனோன்னு கொழுந்தனுக்குப் பயம் வந்துடுச்சு. மறுநாள் தன் வக்கீலைக் கையோட கூட்டிட்டு வந்துட்டான். ஒருத்தர் உள்ள வந்தப்புறம் மத்தவங்க எத்தனை நாள் வெளிய நிப்பாங்க? ஒரு வாரத்துல கோர்ட் நிறைஞ்சுபோச்சு."

"மகராசி" என்றாள் பிலோமினா. "மனை அவளுக்குக் கிடைச்சுதுல்ல?"

"இல்ல. கொழுந்தன்கிட்ட பதிவு பண்ணின பத்திரம் இருந்தது. இவகிட்ட மாமியார் வாயால சொன்னது மட்டும்தான். எதிராத்தான் தீர்ப்பு எழுதினேன்."



"எப்படிம்மா மனசு வந்தது?"

"வரல. நாலு பக்கத் தீர்ப்பு, எழுதி முடிக்க மூணு நாள் ஆச்சு."

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

"மேல எந்தக் கோர்ட்டுக்குப் போகணும், எத்தனை நாள் இருக்குன்னு கேட்டா. சப் கோர்ட்டு, முப்பது நாள்னு சொன்னேன். திரும்பிப் பாக்காமப் போயிட்டா."

"ஊரே ஒதுங்கி நின்னப்போ உங்க பக்கம் நிக்க வந்தவ அவ ஒருத்திதான். அவளுக்குப் போய்…"

"என் பக்கம் நிக்கவா வந்தா?" என்றார் நீலாயதாட்சி. "அவ வழக்குக்காக வந்தா. அது கிடக்கட்டும். நாளைக்கு உன் கோர்ட்டுல யார் யார் வழக்கு இருக்கு?"

பிலோமினா யோசித்துப் பார்த்தாள். ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.