நீக்கியதற்கான காரணம்

“என்னை ஏன் வெளியே நிறுத்தினீங்க, டீச்சர்?”

உட்காரும் முன்பே பரணிதரன் கேட்டான். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான். தோளில் பை அப்படியே தொங்கியது.

நாச்சியார் டீச்சர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“படியேறும்போதே தெரிஞ்சுது. கோபமா ஏறுற கால். பையைக் கீழ வைங்க, சார்.”

டீச்சருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அவனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மாணவன் அவன்தான்.

கணினித் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை அவன் எழுதத் தொடங்கிய காலத்தில், திண்டுக்கல்லில் உள்ள இந்த மாடி அறைக்கு வந்து பெருமையாக ஓட்டிக் காட்டினான். டீச்சர் கையால் துழாவித் திரையை அணைத்தார். “இப்ப ஒரு லெட்டர் எழுதுங்க,” என்றார். சாயங்காலம் வரை அவனால் ஒரு வரியை முடிக்க முடியவில்லை. காதால் வேலை செய்வது எப்படி என்பதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டான்.

மென்பொருள் வளர்ந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். வருகிற திருத்தங்களைப் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் பரணிதரனின் பொறுப்பு. குழுவை நடத்துபவர் டீச்சர்.

போன வாரம் அந்தப் பொறுப்பை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்.

“நடத்தை விதியை மீறிட்டேன்னு போட்டிருக்கீங்க. அந்த விதியையெல்லாம் தமிழ்ல எழுதினதே நான்.”

“ஆமா. நல்லா எழுதியிருந்தீங்க.”

“எதை மீறினேன்? கெட்ட வார்த்தை எழுதினேனா? ஒருமையில பேசினேனா? ‘அவர்களே’ன்னுதான் ஆரம்பிச்சேன். நன்றிகூட சொல்லியிருக்கேன்.”

“சொல்லியிருக்கீங்க.”

“வடிவு அனுப்பின திருத்தம் தப்பு, டீச்சர். போன் நம்பரைக் கோடி, லட்சம்னு படிக்காம ஒவ்வொரு எண்ணாப் படிக்கணும்னு மாத்தினாங்க. சரி, நல்ல விஷயம். ஆனா அதோட வருஷமும் உடைஞ்சுபோச்சு. சுதந்திரம் வந்தது ‘ஒன்று ஒன்பது நான்கு ஏழாம் ஆண்டு’ங்குது. ஏத்துக்கிட்டிருந்தா சரித்திரப் பாடம் டெலிபோன் டைரக்டரி ஆயிருக்கும்.”

டீச்சர் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றது.

“தப்புன்னு சொன்னதுக்கா உங்களை நிறுத்தினேன்?”

அவன் பையைக் கீழே வைத்தான்.

வடிவு சிவகங்கையில் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அவருக்கும் பார்வை கிடையாது. மென்பொருள் பேசுகிற குரல் அவருடையது. இதே அறையில், சுவரெங்கும் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிரெயில் தாள்களைத் தடவித் தடவி ஒரு கோடை முழுக்க வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தார். அந்தப் பதிவுகளை வெட்டி ஒட்டிக் குரலாக்கியவன் பரணிதரன்.

அதன்பிறகு வடிவு தாமாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். அனுப்பிய முதல் திருத்தம் இது.

“நீங்க எழுதின பதிலைக் கேட்டீங்களா, சார்?”

“எழுதினவனே நான்தானே.”

“எழுதினது தெரியும். கேட்டீங்களா?”



டீச்சர் விசைப்பலகையில் இரண்டு விசைகளைத் தட்டினார். மேஜைமேல் இருந்த ஒலிபெருக்கி பேசியது.

“வடிவு அவர்களே. நீங்கள் குரல் கொடுத்தீர்கள். நன்றி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிரல் எழுத மூளை வேண்டும். இந்தக் குப்பையைப் பார்த்து வீணாய்ப்போன என் மாலைப்பொழுதை யார் திருப்பித் தருவார்கள்?”

வடிவின் குரல். தெளிவான, அவசரப்படாத குரல். முற்றுப்புள்ளிகளில் சரியாக நின்று பேசியது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அளந்து வைத்தவன் அவன்தான்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. டீச்சரின் அறையில் விளக்குப் போடும் வழக்கமில்லை.

“அவங்க வீட்டுலயும்…” என்று ஆரம்பித்தான்.

“வேற எது படிச்சுக் காட்டும்?”

“இந்தக் குரல்தானா?”

“நீங்க செஞ்சது இந்தக் குரல்தானே, சார்.”

கீழே தெருவில் ஒரு ஆட்டோ உறுமிக்கொண்டே நின்றது. பிறகு போய்விட்டது.

“மன்னிப்புக் கேட்டு எழுதிடறேன்,” என்றான் பரணிதரன். “இப்பவே. எல்லார் முன்னாடியும், பொதுவுலயே எழுதறேன்.”

“எழுதுங்க. அதை யார் குரல்ல கேப்பாங்க?”

அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

“போன் பண்றேன்.”

“உங்க பேரைச் சொன்னாலே வெச்சுடறாங்க. நானே சொல்லிப் பாத்துட்டேன்.”

“அப்ப நேர்ல போறேன். சிவகங்கை என்ன தூரமா?”

“எதுக்கு?”

“மன்னிப்புக் கேக்கத்தான்.”

“அவங்க அதைக் கேக்கல, சார். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அதுவும் போன்ல. கம்ப்யூட்டரைத் தொடறதில்லையாம். வர்ற கடிதத்தையெல்லாம் பக்கத்து வீட்டுல கொடுத்துப் படிக்கச் சொல்றாங்களாம்.”

“என்ன கேட்டாங்க?”

“குரலை எடுத்துடச் சொன்னாங்க.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“எடுக்கிறதா? எப்படி எடுக்கிறது? எத்தனை பேர் கேக்கறாங்க தெரியுமா, டீச்சர்? பாங்க்ல வேலை பாக்கறவங்க, பரீட்சைக்குப் படிக்கறவங்க, வக்கீலுங்க…”

“தெரியும். நானும் காலையில எந்திரிச்சதும் முதல்ல கேக்கறது அந்தக் குரல்தான்.”

“உரிமத்துல அதுக்கு இடமே இல்லை. பொதுவுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“போட்டிருக்காங்க. பக்கத்துல நான்தான் இருந்தேன்.”

“அப்புறம் என்ன?”

“உரிமை இருக்கான்னு அவங்க கேக்கல. எடுத்துடுங்க டீச்சர்னு கேட்டாங்க.”

“மாட்டோம்னு சொல்லலாம்.”

“சொல்லலாம். தினமும் காலையில அதைக் கேட்டுக்கிட்டு எந்திரிக்கலாம்.”

பரணிதரன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். எதிரே பூட்டுக் கடையில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எடுத்தா முன்னாடி இருந்த மெஷின் குரல்தான் மிஞ்சும். அது தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கும்.”

“இருக்கும். நாங்க அதுலதான் படிச்சு வந்தோம்.”



“எனக்குச் சாயங்காலத்துல போறதுக்கு வேற இடம் இல்லை, டீச்சர்.” அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். “ஆபீஸ் முடிஞ்சா வீடு. வீட்டுல யாரும் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தா நம்ம குழு இருக்கும். இந்த ஒரு வாரமா திறந்து திறந்து பாக்கறேன். உங்களுக்கு அனுமதி இல்லைன்னு அது சொல்லுது. அதையும் அவங்க குரல்லதான் சொல்லுது.”

“அதுக்குத்தான் உங்களை வரச் சொல்லணும்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க.”

டீச்சர் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார். தட்டினார். ஒலிபெருக்கி ஏதோ முணுமுணுத்தது. வழக்கமாக அவர் கேட்கிற வேகத்தில் அது பேசினால் மற்றவர்களுக்குப் புரியாது.

“அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாச்சு.”

பரணிதரன் திரும்பினான்.

“நிஜமாவா?”

“பாத்துக்குங்க.”

அவன் வேகமாக வந்து திரையைப் போட்டான். அறையில் நீல வெளிச்சம் பரவியது. அவனுடைய பெயருக்கு நேரே இருந்த சிவப்புக் குறி போயிருந்தது. அவன் முகம் மலர்ந்ததை அந்த அறையில் யாரும் பார்க்கவில்லை.

“நன்றி, டீச்சர். இனிமே ஒரு வார்த்தை…”

“உக்காருங்க. குரலை எடுத்துடுங்க.”

“நானா?”

“வேற யாருக்கு அது எங்க எங்க ஒட்டியிருக்குன்னு தெரியும்?”

“மஸ்தானுக்குத் தெரியும். கூடவே இருந்து செஞ்சானே. அவனைச் செய்யச் சொல்லுங்க.”

“மஸ்தான் எங்க இருக்கான்?”

“வேற வேலைக்குப் போயிட்டான். நேரமில்லைன்னு சொன்னான்.”

“எங்கிட்ட வேற சொன்னான்.”

பரணிதரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன சொன்னான்?”

“ராத்திரி சோறு இறங்கலன்னான். அவன் அனுப்பின திருத்தத்துக்கு உங்ககிட்டேருந்து பதில் வந்த நாள்ல.”

“ஹெலன்? அந்தப் பொண்ணு நல்லாச் செய்வா. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.”

“அதை அவளுக்கே எழுதினீங்க.”

பரணிதரன் இன்னொரு பெயரைச் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. திரையில் குழுவினரின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பல பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரே வார்த்தை: விலகினார்.

“நீங்க அப்பவே என்னை நிறுத்தியிருக்கலாமே, டீச்சர்.”

“நிறுத்தியிருக்கணும்,” என்றார் டீச்சர். “வேலை சுத்தமா நடக்குதேன்னு பேசாம இருந்துட்டேன்.”

அவன் உட்கார்ந்தான்.

வேலை நெடுநேரம் பிடிக்கும் என்று நினைத்திருந்தான். பிடிக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்கிறது என்று அவன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. பெயர்ச்சொற்கள். ஊர்ப் பெயர்கள். கேள்வியாக முடியும் வாக்கியங்கள். ஒரு பதிவின் கடைசியில் வடிவு இருமியிருந்தார். அதை வெட்ட மறந்திருந்தான். இத்தனை வருடமாக யாரும் கவனிக்கவில்லை.

டீச்சர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் தட்டுகிற ஒவ்வொரு விசையையும் ஒலிபெருக்கியில் வடிவு சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசியில் ஒரு கட்டம் வந்தது. வடிவு அதைப் படித்தார்.

“நீக்கியதற்கான காரணம்.”

எந்த மாற்றத்துக்கும் காரணம் எழுத வேண்டும். எழுதாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அதுவும் அவன் வைத்த ஏற்பாடுதான்.

அவன் எழுதினான். வடிவு படித்தார்.

“நிர்வாகக் காரணங்கள்.”

“எந்த நிர்வாகம், சார்?” என்றார் டீச்சர்.

அவன் அழித்தான். மறுபடி எழுதினான்.

“குரல் அளித்தவரின் விருப்பம்.”

“கொடுக்கணுங்கிறதுதான் அவங்க விருப்பம். கொடுத்தாங்க.”

அவன் அதையும் அழித்தான். வெகுநேரம் விசைகளின் மேல் கை வைத்தபடி இருந்தான். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். தட்டி முடித்ததும் வடிவு முழுவதையும் படித்தார்.

“பரணிதரன் எழுதிய பதில். அது வடிவைக் கேவலப்படுத்தியது.”

டீச்சர் தலையசைத்தார்.

இனி ஒரு விசைதான் பாக்கி. அதை அழுத்தினால் குரல் போய்விடும். இன்று இந்தக் கணினியில். நாளை முதல் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு வீட்டிலும்.

பரணிதரன் அதை அழுத்தவில்லை. வேறொரு விசையை அழுத்தினான்.

“பரணிதரன் எழுதிய பதில். அது வடிவைக் கேவலப்படுத்தியது.”

மறுபடியும் அழுத்தினான்.

“பரணிதரன் எழுதிய பதில். அது வடிவைக் கேவலப்படுத்தியது.”

“என்ன சார் பண்றீங்க?”

“இன்னும் ஒரே ஒரு தடவை, டீச்சர்.”

“எதுக்கு?”

“அவங்களே என்னை நேர்ல நிக்க வெச்சுத் திட்டற மாதிரி இருக்கு.” விசையிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னான். “கொஞ்சம் ஆறுதலா இருக்கு.”

டீச்சர் அவன் பக்கம் திரும்பினார்.

“அவங்க ஒண்ணும் சொல்லல, சார். நீங்க சொல்ல வைக்கிறீங்க. அதைத்தான் நிறுத்தச் சொல்லியிருக்காங்க.”