வெங்காயக் குவியலில் டிராக்டர் சாவி

நொச்சிக்காட்டு மூவரைத் திட்ட எனக்கு மனசு வராது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்களைப்போல இந்த வட்டாரத்திலேயே கிடையாது. தொல்லையே அதுதான். மூத்தவன் பெரியண்ணன், அவன் தம்பி மருதை, அவர்களுடைய தங்கை வீட்டுக்காரன் சடையன். மூவருக்கும் சேர்த்து ஒரு டிராக்டர், பின்னால் பெட்டியைத் தூக்கிக் கொட்டும் டிப்பர் ஒன்று.

டிராக்டரிலிருந்து டிப்பருக்கு ஆயில் போக ஒரு ஹோஸ் உண்டு. அந்த ஆயில் போய்த் தள்ளினால்தான் பெட்டி மேலே எழும்பும். மற்றவர்கள் அதை மாட்டியபடியே விட்டுவைப்பார்கள். இவர்கள் ஒவ்வொரு வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். விட்டுவைத்தால் டிராக்டரின் ஆயிலை டிப்பர் குடித்துவிடும் என்று மருதைக்குப் பயம்.

அன்றைக்குப் பவுனாம்பாளின் சின்ன வெங்காயம் அறுவடையாகி, பயிர் வைத்த காட்டிலேயே மலையாகக் குவிந்து கிடந்தது. பச்சைமலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. நனைந்தால் அத்தனையும் அழுகிப்போகும். அந்த வருஷம் அவள் வீட்டில் அடுப்பெரிவதே அந்த வெங்காயத்தை நம்பித்தான். ஓடைக்கு அந்தப் பக்கம், வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறை வரைக்கும் ஏற்றிப்போக மூவரையும் கூப்பிட்டிருந்தாள்.

வந்தவர்கள் ஹோஸைச் சொருகினார்கள். போகவில்லை. கையால் தள்ளி, காலால் உதைத்து, கடைசியில் சடையன் நல்லவிதமாகப் பேசியும் பார்த்தான். ஹோஸ் இல்லாமலே இழுத்துப் போங்கள், இறக்கும்போது கையால் இறக்கிக்கொள்ளலாம் என்றாள் பவுனாம்பாள். மூவரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"டிப்பர்னா கொட்டணும்க்கா," என்றான் பெரியண்ணன்.

மெக்கானிக் பரீத் பாய்க்குப் போன் போட்டார்கள். அவர் பாவம், பொறுமைசாலி.

"வெயில்ல கிடந்து உள்ள ஆயில் விரிஞ்சு முட்டிக்கிட்டு நிக்குது. அந்த அழுத்தத்த வெளிய விடணும். இன்ஜின நிறுத்துங்க, யாரும் ஸ்டார்ட் பண்ணாம பாத்துக்கங்க. லீவர முன்ன பின்ன ஆட்டுங்க. டிப்பர் பக்கம் ஹோஸ் நட்ட, துணி சுத்தி, லேசாத் தளத்துங்க. அழுத்தம் போனதும் இறுக்கிட்டு சொருகுங்க. இன்னொண்ணு, பெட்டி தூக்கியிருக்கும்போது அடியில யாரும் நிக்கக் கூடாது."

பெரியண்ணன் இன்ஜினை நிறுத்தினான். யாரும் ஸ்டார்ட் பண்ணாமல் இருக்க என்ன வழி என்று மூவரும் கூடிப் பேசினார்கள். சாவியை ஒளித்துவிடுவது என்று முடிவானது. மற்றவர்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பெரியண்ணன் சாவியை வெங்காயக் குவியலுக்குள் வீசினான். தனக்கே சபலம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று வீசும்போது தானும் கண்ணை மூடிக்கொண்டான்.

மருதை ஏறி உட்கார்ந்து லீவரை ஆட்டத் தொடங்கினான். துணியை எதில் சுற்றுவது என்று பாய் சொல்லாததால் ஆளுக்கொரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார்கள். அழுத்தம் போகிறதா என்று பார்க்கச் சடையனை ஹோஸுக்கு நேராகக் குந்தவைத்துவிட்டுப் பெரியண்ணன் நட்டைத் தளர்த்தினான். ஆயில் பீய்ச்சி அடித்தது.

"போச்சா மாப்ள?"

சடையன் முகத்தை வழித்துக்கொண்டான். "போச்சு மச்சான். என் வழியாத்தான் போச்சு."

நட்டை இறுக்கிச் சொருகியதும் ஹோஸ் அடக்கமாக உள்ளே போய் உட்கார்ந்தது. பவுனாம்பாள் சாமியைக் கும்பிட்டாள். பிறகுதான் சாவி எங்கே என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் வானத்தை ஒருதரம், குவியலை ஒருதரம் பார்த்தாள்.

பெரியண்ணனும் சடையனும் குவியலைக் கிளறத் தொடங்கினார்கள். மருதை மட்டும் வரவில்லை. லீவர் ஆட்டுவதை நிறுத்தும்படி பாய் சொல்லவில்லையாம். அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து ஒரு கூடையைக் கொடுத்தாள் பவுனாம்பாள். தேடின வெங்காயத்தையே திரும்பத் தேடக் கூடாது, ஒவ்வொரு கூடையாகத் தேடி, தேடினதை ஓடைக்கு அப்பால் பட்டறையில் கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்றாள். இதுவும் ஒரு சொல்தானே. தலையில் சுமந்து ஓடினார்கள். மூச்சு வாங்கியது, இடுப்பு விட்டுப்போனது, நிற்கவில்லை.

கடைசிக் கூடையில் சாவி இருந்தது. காடு காலி. பட்டறை கூரைவரை நிரம்பி, எலி நுழையக்கூட இடமில்லை. அப்போதுதான் முதல் தூறல் விழுந்தது. பவுனாம்பாளுக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்க நல்லா இருப்பீங்க, வீட்டுக்குப் போங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெரியண்ணன் அசையவில்லை. டிப்பரில் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம், நடந்து கொண்டுவந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றான். மற்ற இருவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஆகவே காலி டிப்பரைக் காட்டிலிருந்து பட்டறைக்கு ஓட்டிவந்தார்கள். வெங்காயம் நசுங்காதபடி மெதுவாக ஓட்டினார்கள். கொட்டிவிடாமலிருக்கச் சடையன் பின்னால் கையை ஏந்திக்கொண்டே நடந்தான். பட்டறை வாசலில் பெட்டியை முழுசாகத் தூக்கிக் கொட்டினார்கள். மருதை எட்டிப் பார்த்து, ஒன்றுகூட ஒட்டவில்லை என்றான். வேலை முடிந்தது என்று வழக்கம்போல ஹோஸைக் கழற்றிப் போட்டார்கள். ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் பெட்டி மேலேயே நின்றுவிட்டது.

மழை கொட்டத் தொடங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒதுங்க அந்தத் தூக்கிய பெட்டியின் அடிதான் இருந்தது. ஓடிய இருவரையும் பெரியண்ணன் கையை நீட்டித் தடுத்தான். பாய் சொன்னதை நினைவுபடுத்தினான். மூவரும் தொப்பலாக நனைந்தபடி நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் பெரியண்ணன் போனை எடுத்தான்.

"பாய், அடியில யாரும் நிக்கக் கூடாதுன்னீங்க. உக்காந்துக்கலாமா?"