மூன்று கியரில் உறுமல் கேட்ட செம்மலையார்

உலகத்தோர்க்கும், உலகமே தம் பாட்டன் சொத்தென்று எண்ணியிருக்கும் அறங்காவலர்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: மண்ணுலகின் மாபெரும் உண்மைகளுள் ஒன்று, சங்ககிரிப் பக்கத்து லாரிப் பட்டறையில், ஆயில் சொட்டும் குழிக்குள் மல்லாந்து கிடந்தே காலம் கழித்த ஒருவருக்கு வெளிப்பட்டது. அவர் திருநாமம் செம்மலையார்.

கியர்பாக்ஸ் பார்ப்பதே அவர் தொண்டு. விடிந்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசி, நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு நுனியைக் கியர்பாக்ஸில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்து, "முருகா" என்று கண்மூடுவார். இரும்பு சொல்வதும் இறைவன் சொல்வதும் அவருக்கு ஒன்றே. பட்டறையார் 'திருச்செவியார்' என்று கேலி பேசினர். அதையும் அவர் பட்டமாகவே ஏற்றார்.

ஊர்க் குன்றின்மேல் முருகன் கோயில். தைப்பூசத்தன்று உற்சவர் மலையேறுவது, அறங்காவலர் நல்லசிவத்தின் பாட்டனார் வாங்கிய, மூக்கு நீண்ட பழைய லாரியில்தான். வேறு வண்டியில் சுவாமி ஏறினால் அந்தக் குடும்பத்தின் பெருமை இறங்கிவிடும். ஓராண்டு, பூசத்துக்குச் சற்று முன், அந்த லாரி உறுமத் தொடங்கிற்று.

செம்மலையார் தாமே ஓட்டிக் கேட்டார். முதல் மூன்று கியரிலும் உறுமல், நான்காவதில் அமைதி. நான்காவதில் எஞ்சின் விசை நேரே போய்விடும். மற்ற மூன்றிலும் கியர்பாக்ஸின் அடியில் சுழலும் அடித்தண்டின் வழியாகச் சுற்றிப் போகும்.

"அடித்தண்டு பேரிங் போயிருச்சுங்க. ஏத்தத்துல பளு விழுந்தா கியரு கழண்டுரும். மலைக்கு வேண்டாமுங்க" என்றார்.

"ஏய்யா, எங்க தாத்தா வண்டி வயசான காலத்துல ரெண்டு இருமு இருமுனா, உனக்கென்ன காது குடையுது? மருந்து ஊத்துனா செரியாப் போவுது" என்றார் நல்லசிவம். கூட்டம் சிரித்தது.

மருந்தாவது, மரத்தூள். பழைய வண்டியை ஏமாற்றி விற்கும் தரகர்களின் வித்தை அது: கியர் ஆயிலில் கலந்தால் ஓசை அடங்கும், நோய் அடங்காது. டிரைவர் அங்கப்பன் கலந்தார். உறுமல் நின்றது. "முருகனருள்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் அறங்காவலர்.

செம்மலையார் பூசத்தன்று ஒரு பெரிய மரக்கட்டையைத் தோளில் சுமந்து லாரியின் பின்னே நடந்தார்.

"என்ன திருச்செவியாரே, முருகனுக்கு அடுப்பெரிக்கப் போறீங்களா?" என்றார்கள்.

செங்குத்தான வளைவில் பேரிங் சிதறிற்று. கியர் கழன்றது, பழைய பிரேக் தாங்கவில்லை. உற்சவரையும் குருக்களையும் மேளக்காரர் எழுவரையும் சுமந்த லாரி, பின்னால் வந்த கூட்டத்தை நோக்கி இறங்கிற்று. செம்மலையார் சக்கரத்தடியில் கட்டையைத் திணித்தார். கட்டை நழுவியது. இடது காலை முட்டுக்கொடுத்துக் கட்டையை மீண்டும் அழுத்தினார். லாரி நின்றது. கால் உள்ளே இருந்தது.

அவ்வேளை முருகன் மார்பிலிருந்த மாலை நழுவி, அடியார் கழுத்தில் வந்து விழுந்தது. "அரோகரா!" என்றது கூட்டம். குலுங்கியதால் விழுந்தது என்பாரும் உளர். அவர்களும் அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அரசு மருத்துவமனைக்குப் பிரசாதத்தோடு வந்தார் நல்லசிவம். "பாத்தியா, எங்க தாத்தா வண்டி ஒரு உசுரக்கூட எடுக்கல" என்றார். அவர் போனபின் அங்கப்பன் கட்டிலருகே குனிந்தார்.

"அண்ணா, பிரிச்சுப் பாத்தேன். நீங்க சொன்ன பேரிங்குதான். பொடிப்பொடியாக் கெடக்குது."

செம்மலையார் கண்ணீர் மல்கக் கைகூப்பினார். "அப்ப நா கேட்டது நெசந்தான்" என்றார்.

கேட்டதைக் கேட்டபடி சொல்லி, சொன்னதற்குத் தம் உடம்பையே ஈடு வைத்த அந்த அடியாரின் புகழ் வாழ்க.

கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டுமாகையால், பட்டறையில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.