மீசைராசா மிதந்த கதை

ஒரே ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். பெரிய ராசான்னு நினைச்சுக்காதீங்க. அரண்மனைக் கொல்லையில நின்னு கூவினா அவரோட நாடு முழுக்கக் கேக்கும், அம்புட்டுத்தான் நாடு. அவருக்கு ஒரே பொண்ணு, பேரு பவழம். பல்லு விழுந்து முளைக்கிற வயசு.

பவழத்துக்கு ரெண்டு பொம்மை. ஒண்ணு கந்தலாயி. பழஞ்சீலையைச் சுருட்டித் தச்சு, கண்ணுக்குப் புளியங்கொட்டை வச்ச துணிப் பொம்மை. இன்னொண்ணு மீசைராசா. மரப் பொம்மை. தலையில பட்டுத் தலைப்பாகை, மூஞ்சியில ரெண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு மர மீசை. அந்தக் காலத்துல பொம்மையும் பேசும், நாயும் பேசும், காக்காவும் பேசும். இப்பவும் பேசுதாம், நமக்குத்தான் காது அடைச்சுப்போச்சு.

மீசைராசாவுக்கு எப்பவும் ஒரே நினைப்பு, எல்லாம் எனக்கு. பவழம் சோறு ஊட்டி விளையாடினா, "மொத வாய் எனக்கு!"ம்பான். தொட்டில்ல போட்டா, "நடு இடம் எனக்கு!"ம்பான். தாலாட்டுப் பாடினா, "என் பேரை வச்சுப் பாடு!"ம்பான். கந்தலாயி பாவம், "சரிங்க ராசா, சரிங்க ராசா"ன்னு நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போயிடுவா.

ஒரு நாள் மத்தியானம் பவழம் கந்தலாயியைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கிக்கிட்டு இருந்தா. மீசைராசாவுக்கு வயிறு எரிஞ்சுது.

"ஏண்டி, ராசா நான் இருக்கேன், உன்னைப் போயா கட்டிப்பிடிக்கிறா?"

"எனக்கென்ன தெரியும் ராசா? நான் மெத்துன்னு இருக்கேன் போலிருக்கு."

விட்டான் ஒரு உதை! கந்தலாயி ஜன்னல் வழியாப் பறந்து தோட்டத்துல விழுந்தா. அங்க ஒரு காக்கா, "ஆகா, குஞ்சுங்களுக்கு மெத்தை!"ன்னு கவ்விக்கிட்டுப் போயிடுச்சு.

பவழம் எழுந்து பாத்தா, கந்தலாயியைக் காணோம். அழுதா அப்படி ஒரு அழுகை. நெய்ச்சோறு வேண்டாம்னா, பணியாரம் வேண்டாம்னா, கரும்பு வேண்டாம்னா. ராசாவே வந்து தோப்புக்கரணம் போட்டுக் காட்டினாரு. ம்ஹூம், சிரிக்கல.

மீசைராசா தொண்டையைச் செருமிக்கிட்டு, "அதான் நான் இருக்கேனே, என்னைக் கட்டிப்பிடி"ன்னான். குழந்தையும் நம்பி இறுக்கிக் கட்டிப்பிடிச்சா. நறுக்குன்னு மீசை கன்னத்துல குத்திடுச்சு. "நீ குத்துற! போ!"ன்னு வீசினா பாரு, அதே ஜன்னல், அதே வழி! ஆனா காக்கா வரல. கட்டையை யாரு தூக்குவா? உருண்டு உருண்டு, மதிலோரம் வாய்க்காப் பள்ளத்துல போய் விழுந்தான். செஞ்ச வினை வந்து சேர ஒரு பொழுதுகூட ஆகல.

பள்ளத்துல ஒரு செவலை நாய் குட்டி போட்டிருந்துச்சு. மூணு குட்டி. மூத்தது ரெண்டுக்கும் பல்லு முளைக்கிற நேரம். சும்மா விடுமா? பெரியது காலைக் கடிச்சுது, நடுவுலது கையைக் கடிச்சுது.

"யாரங்கே! இவங்களைச் சிறையில அடைங்க!"ன்னு கத்தினான். யாரும் வரல. குட்டிங்க கரகரன்னு கடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

கடைக்குட்டி மட்டும் கடிக்கல. அவன் வயித்து மேல தலையை வச்சுப் படுத்துக்கிச்சு.

"என்னடா பண்ற?"

"தூங்குறேன்."

"நான் கட்டைடா, குத்தும்."

"குத்தட்டும். நீ பக்கத்துல இருக்கியே, அது போதும்."

அப்படி யாருமே அவன்கிட்டச் சொன்னதில்ல. மரத்துக்குள்ள எங்கயோ வெதுவெதுன்னு இருந்துச்சு அவனுக்கு. அந்த நேரம் பாத்து மூக்கு மேல எறும்பு ஊருது. தும்மல் வருது. தும்மினா குட்டி முழிச்சுக்குமேன்னு அடக்கிக்கிட்டான். சிரிக்காதீங்க, அடக்கிப் பாருங்க தெரியும்.

மறுநாள் காலையில மழை பிடிச்சுது. வாய்க்கா பொங்கிப் பள்ளத்துல தண்ணி ஏறுது. தாய் நாய் பெரியதைக் கவ்விக் கரையேத்துச்சு, நடுவுலதைக் கவ்விக் கரையேத்துச்சு, திரும்புறதுக்குள்ள வெள்ளம் கடைக்குட்டியை இழுத்துடுச்சு. கூடவே மீசைராசாவையும்.

"டேய், நான் மரம், மிதப்பேன்! என் மீசையைக் கவ்விக்க!"

"உனக்கு வலிக்குமே?"

"கவ்வுடா கழுதை!"

கவ்விச்சு. ஒரு பக்க மீசை படக்குன்னு முறிஞ்சுது. "அடுத்த மீசையைப் பிடி!" அதுவும் படக். "தலைப்பாகையைப் பிடிடா!" தலைப்பாகை முறுக்குன துணியாச்சே, தாங்குச்சு. வளைவுல தாய் நாய் குதிச்சு ரெண்டு பேரையும் கரைக்கு இழுத்துப் போட்டுச்சு.

"ராசா, என் புள்ளையைக் காப்பாத்தின. என்ன வேணும், கேளு."

எல்லாம் எனக்குன்னவன் இப்ப யோசிச்சான். "கந்தலாயி வேணும். எனக்கில்ல, பவழத்துக்கு"ன்னான்.

காக்கா அவளைக் கவ்விக்கிட்டுப் போனதை நாய் பாத்திருந்துச்சு, அவனை அந்த மரத்தடிக்குத் தூக்கிக்கிட்டுப் போச்சு. கந்தலாயியைக் கேட்டதும் காக்கா மேலேருந்து, "அவளைக் கொடுத்துட்டா என் குஞ்சுங்க எதுல படுக்கும்?"னு கேட்டுச்சு.

"இந்தா, பட்டு. இதுல படுக்கட்டும்"னு தலைப்பாகையை அவுத்துக் கொடுத்துட்டான். பொத்துன்னு கந்தலாயி விழுந்தா. மொட்டைத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தப்பு பண்ணிட்டேன் ஆயி"ன்னான்.

"பரவால்ல விடு ராசா. காக்கா வீட்டுலயும் எனக்கு ஓர இடந்தான்"னா அவ.

நாய் ரெண்டு பேரையும் கவ்விக்கிட்டு, குட்டிங்க பின்னாலயே வர, அரண்மனை வாசல்ல கொண்டு விட்டுச்சு. பவழம் கந்தலாயியை வாரி அணைச்சுக்கிட்டா. நெய்ச்சோறு தின்னா, பணியாரம் தின்னா, கரும்பைக் கடிச்சா. நடந்ததையெல்லாம் நாய் சொல்லக் கேட்டு மீசைராசாவையும் தூக்கி, "வா, இனிமே நடு இடம் உனக்கு"ன்னா.

"வேண்டாம் தாயி, அங்க கந்தலாயி படுக்கட்டும். என்னை வாசல்ல நாய்க்குட்டிங்ககிட்ட விட்டுடு."

"அங்க உனக்கு என்ன வேலை?"

"கடைக்குட்டிக்கு இன்னைக்குத்தான் பல்லு முளைக்க ஆரம்பிச்சிருக்கு. கடிக்கறதுக்கு நான் வேணாமா?"

அம்புட்டுத்தான் கதை. தனக்கு தனக்குன்னா ஜன்னலுக்கு வெளியே, உனக்கு உனக்குன்னா ஊரே வீட்டுக்குள்ளே. கடிச்ச குட்டி வாசல்ல தூங்குது, கதை கேட்ட குட்டிங்க பாயில தூங்குங்க.